ராணிக்கு எட்டாத கிணறு

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, போன கிழமை உங்கள் அறையை வந்து பார்த்தேன். கதிரை சுழல்கிறது. காதில் மாட்டும் கருவி பஞ்சு வைத்து மெத்தென்று இருக்கிறது. பிள்ளை ஒன்று அழைத்தால் திரையில் வெளிச்சம் வருகிறது. உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரியாது என்பதைக் கேட்டவர்கள் மறந்துவிட்டார்கள். இனி நீங்கள்தான் அனுபவிக்க வேண்டும்.

எங்கள் காலத்துச் சிறுவர் உதவித் தொலைபேசி நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த அறையில் தொடங்கியது. கறுப்புத் தொலைபேசி ஒன்று, மேசை ஒன்று, நான், எங்கள் பொறுப்பாளர். பொறுப்பாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கஷ்டப்படும் பிள்ளைகள் எங்களை அழைக்கலாம் என்று சுவரொட்டி ஒட்டினோம். கஷ்டப்படும் பிள்ளைகளின் வீட்டில் தொலைபேசி இல்லை என்பது சுவரொட்டி ஒட்டி முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது. தொலைபேசி இருந்த வீடுகளில் அதற்கொரு சின்னப் பூட்டும் இருந்தது. திறப்பு அப்பாவிடம் இருந்தது.

ஆகவே எங்களை அழைத்தவர்கள் வேறு ரகம். "இண்டைக்குக் கணக்கு ரியூசன் இருக்கோ?" என்று கேட்பார்கள். ஒரு பெரியவர் கிழமை தவறாமல் அழைத்து, சுன்னாகம் சந்தையில் வெங்காயம் என்ன விலை போகிறது என்று கேட்பார். தொடக்கத்தில் இது சிறுவர்களுக்கான சேவை என்று விளக்கினேன். பிறகு வெங்காய விலையை விசாரித்து வைத்துக்கொள்ளப் பழகினேன்.

உண்மையான பிள்ளை ஒன்று ஒரேயொரு முறை அழைத்தது. என்ன செய்கிறது, ஏன் எடுத்தாய் என்று நான் எவ்வளவு கேட்டும் பேச்சில்லை. வைத்துவிடப் போகிறதே என்ற பயத்தில், "சரி, ஒரு பாட்டாவது பாடு" என்றேன். பாடியது. பள்ளிக்கூடப் பாட்டில்லை. தானே கட்டிய பாட்டு. வீட்டில் நடந்ததெல்லாம் அதற்குள் இருந்தது. கதைக்கச் சொன்னால் வாயை மூடும் பிள்ளை பாடச் சொன்னால் திறக்கும் என்று அன்றைக்குக் கண்டேன். உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இதற்கு நீளமான பெயர் ஒன்று போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, இருக்கட்டும்.

தொண்ணூறில் மறுபடி சண்டை மூண்டது. மின்சாரம் போயிற்று, தொலைபேசியும் செத்தது. வடக்குக் கரைப் பக்கத்து ஊர்கள் ஒரு சில நாட்களில் காலியாகி, சனமெல்லாம் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் வந்து படுத்தது. இணைப்பு அறுந்த பிறகுதான் எங்கள் உதவித் தொலைபேசிக்கு வேலை வந்தது.

பிள்ளைகள் எங்களை அழைக்க முடியாததால் நாங்கள் பிள்ளைகளிடம் போனோம். சைக்கிள் கரியரில் ஒரு ரேப் ரெக்கோடரைக் கட்டிக்கொண்டு முகாம் முகாமாகத் திரிந்தேன். பிள்ளைகள் பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். பாடுபவரின் ஊரையும் சொல்லிப் பதிந்து, அதை அடுத்த முகாமுக்குக் கொண்டுபோவேன். அங்குள்ளவர்கள் கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பாடுவார்கள். பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வரவே கூடாது என்று தடை இருந்த காலம். எனவே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லின் டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரெக்கோடரை ஓட்டினோம். ஒருவர் ஏறிப் பெடலை உழக்க வேண்டும். பாடும்போது நான் உழக்குவேன். கேட்க வருபவர் தானே உழக்கிக் கேட்க வேண்டும். இது எங்கள் சட்டம். அறிவுரை சொல்ல வந்தவர்களில் பாதிப்பேர் சைக்கிளைக் கண்டதும் திரும்பிப் போய்விடுவார்கள். அந்த வகையில் அது நல்ல சட்டம்.

ஒரு குறை மட்டும் இருந்தது. வேகமாக உழக்கினால் பாட்டு கீச்சிடும். களைத்து உழக்கினால் சின்னப் பிள்ளையின் குரல்கூட இழுபட்டு, கிழவரின் முனகல் மாதிரிக் கேட்கும்.

பொறுப்பாளருக்கும் ஒரு சட்டம் இருந்தது. பாட்டு நம்பிக்கையில் முடிய வேண்டும். கடைசி வரியில் 'விடியும்' என்று வந்தால் பிள்ளைக்கு ஒரு பிஸ்கற். பிஸ்கற் அப்போது தங்கம். ஒரு மாதம் போவதற்குள் வலிகாமத்து முகாம்களில் விடியாத பாட்டே இல்லை என்றாயிற்று. இரவில் கடிக்கும் நுளம்பைப் பற்றிய பாட்டு விடிந்தது. மலசலகூட வரிசையைப் பற்றிய பாட்டும் விடிந்தது. பொறுப்பாளர் பூரித்துப் போனார். பிள்ளைகளும் பூரித்தார்கள், அவர்களுடைய காரணம் வேறு.

இந்த நேரத்தில்தான் சுன்னாகம் பக்கத்து முகாமில் ஒரு தாய் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினாள். பின்னால் பத்து வயது மதிக்கத்தக்க மகள் நின்றாள். அவளுடைய பெயரை இன்றைக்கும் சொல்ல மாட்டேன். முகாமில் எல்லாரும் 'ஆட்டுக்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மிஸ், உவள் தண்ணி குடிக்கிறாளில்லை" என்றாள் தாய். "சோறும் கஞ்சியும் ரெண்டு வாய் தின்னுறாள். தண்ணியெண்டால் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறாள். அடிச்சும் பாத்திட்டன். நேற்று லைனில நிக்கேக்கை தலை சுத்தி விழுந்திட்டாள்."

ஏன் என்று பிள்ளையைக் கேட்டேன். பதில் இல்லை. "பாடுறியோ?" என்றேன். தலையாட்டினாள். உழக்கினேன். பாடினாள்.

கட்டின கயிறு கட்டினபடி
கிள்ளின குழையோ ஒரு பிடி
தொட்டியில தண்ணி வத்திப்போச்சு
தூர நிக்குது கிணத்தடி
எட்டாது எட்டாது ராணி
எட்டி எட்டிப் பாராதை

அவ்வளவுதான் பாட்டு. விடியவில்லை. பிஸ்கற் கிடைக்காதென்று அவளுக்குத் தெரியும், எதிர்பார்க்கவும் இல்லை.

பொறுப்பாளர் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். "ராணி எண்டது நாங்கள் விட்டிட்டு வந்த மண்" என்றார். அந்தக் கிழமை வெளியிலிருந்து உளவள நிபுணர் ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர், சட்டத்தை மதித்துத் தானே ஏறி உழக்கினார். மத்தியான வெயில், பழக்கமில்லாத கால். இரண்டாம் வரியிலேயே பாட்டு இழுபடத் தொடங்கி, கடைசி வரி பாதாளத்திலிருந்து வந்தது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "குரலில் ஆழமான துயரம் இருக்கிறது. ராணி இவளுடைய தாய். தாயிடமிருந்து மனத்தால் பிரிந்துவிட்டாள்" என்றார். பிரிந்துவிட்ட தாய் அப்போது பக்கத்தில் நின்று பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர் களைச்சுப்போனார். அதுதான் அப்பிடிக் கேக்குது" என்றாள் ஆட்டுக்காரி மெதுவாக. அதை ஒருவரும் கவனத்தில் எடுக்கவில்லை.

நானும் சளைத்தவளில்லை. கட்டுண்டு கிடக்கும் பிள்ளையின் சொந்த மனம்தான் ராணி என்று ஒரு விளக்கம் வைத்திருந்தேன். மண்ணா, தாயா, மனமா என்று படித்தவர்கள் மூன்று பேரும் நாட்கணக்காக வாதாடினோம். ஆட்டை ஆடு என்று மட்டும் ஒருவருக்கும் படவில்லை. கடைசியில் என் விளக்கம்தான் சரியென்று நிறுவும் ஆசையில் பிள்ளையிடமே போனேன்.

"ராணி ஆர் பிள்ளை?"

"ஆடு மிஸ்."

"அது தெரியும். ராணி எண்டு பாடேக்கை நீ மனசில ஆரை நினைக்கிறனீ?"

எனக்கு ஏதோ சுகமில்லை என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். "ராணியைத்தான்" என்றாள்.

பிறகு கேட்கக் கேட்கச் சொன்னாள். ராணி பக்கத்து வீட்டு வெங்காயப் பாத்தியில் இறங்கி மேய்ந்துவிட்டது. தாய் ஏசினாள். அதனால் அன்று காலை கயிற்றைக் கட்டையாக்கி, அவிழ்க்க முடியாத முடிச்சுப் போட்டு, இவளே கட்டினாள். தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதற்குள் ஷெல் விழத் தொடங்கிவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆட்டை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று தகப்பன் சொன்னாராம். "அப்பா எங்களுக்கு முன்னாலதான் ஓடினவர் மிஸ். நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டுதான் வந்தனான். அது எட்டி எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டது" என்றாள்.

"அப்ப இந்தப் பாட்டு ஏன் கட்டினனீ?"

"நீங்கள் எல்லா இடமும் கொண்டு போறனீங்கள்தானே. எங்கடை ஊர்ப் பக்கம் போற ஆக்கள் ஆரும் கேட்டால் அவிட்டு விடுவினம். தண்ணி வைப்பினம்."

பிள்ளைகளே, உதவி கேட்டு எனக்கு வந்த கோரிக்கைகளில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் பிறகும் கேட்டதில்லை. என்ன நடந்தது, யாருக்கு நடந்தது, என்ன செய்ய வேண்டும், எல்லாம் ஆறு வரியில் இருந்தது. நாங்கள் அதற்குப் பொழிப்புரை எழுதிக்கொண்டிருந்தோம்.

ஆனால் விளங்கி என்ன செய்வது? அந்த ஊர்ப் பக்கம் ஒரு குருவியும் போக முடியாது. ஆமி காவல் நின்றது. நாட்களும் போய்விட்டன. கட்டிய ஆடு தண்ணீரில்லாமல் எத்தனை நாள் நிற்கும் என்று தோட்டம் செய்பவரின் மகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ராணிக்குக் கிடைக்காதது தனக்கும் வேண்டாம் என்று அவள் இருந்தாள். என்னால் முடிந்தது ஒன்றுதான். பாட்டைக் கொண்டுபோனேன்.

பாட்டு தீயாகப் பரவியது. எந்த முகாமுக்குப் போனாலும் "ராணிப் பாட்டைப் போடுங்கோ மிஸ்" என்றார்கள். உழக்குவதற்குச் சண்டை நடந்தது. பதில் பாட்டுகளும் வந்து குவிந்தன. நல்லூர்க் கோயில் மண்டபத்திலிருந்து வந்த பாட்டில் ராணி கறுப்பு, தங்களிடம் பால் தருகிறாள், நாளை விடியும். இன்னொரு முகாமில் ராணி வெள்ளை, மூன்று குட்டி போட்டிருக்கிறாள், அங்கும் விடியும். குருநகர்ப் பிள்ளைகள் கடற்கரையை விட்டு வந்து ஒரு தேவாலய வளவில் இருந்தார்கள். அவர்கள் பாட்டில் ராணி கடலால் நீந்தி வந்து வள்ளத்தில் ஏறி, வலை இழுத்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆடு ஒரே நேரத்தில் குடாநாடு முழுக்க உயிரோடு இருந்தது. எல்லாம் பிஸ்கற் செய்த வேலை.

ஆட்டுக்காரி சைக்கிளில் ஏறி, கால் எட்டாமல் நுனிப்பாதத்தால் உழக்கி, எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு நீதிபதியின் முகத்தோடு தீர்ப்புச் சொன்னாள். "பொய்." அடுத்தது. "ராணிக்குக் கொம்பில்லை. பொய்." குருநகர்ப் பாட்டுக்கு மட்டும் சிரித்தாள். சிரித்துக் களைத்து, வேர்த்துப்போய் இறங்கினாள். தண்ணீரை நீட்டினேன். வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் காலையில் அவள் மறுபடி விழுந்தாள். இம்முறை எழும்ப நேரமெடுத்தது. முகாமுக்கு வரும் வைத்தியர் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "சேலைன் காயப்பட்ட ஆக்களுக்கே போதாது. இவளைக் குடிக்க வையுங்கோ. இல்லாட்டி நான் பொறுப்பில்லை" என்றார்.

பொறுப்பாளர் அன்றே முடிவெடுத்தார். தானே ஒரு பாட்டு இயற்றினார். ராணியின் கயிறு அறுந்து, ஒரு நல்ல வீட்டில் போய்ச் சேர்ந்ததாகப் பாட்டு. கணீரென்ற குரலுள்ள ஒரு பிள்ளையையும் பாடுவதற்குப் பிடித்து வைத்திருந்தார்.

"வேண்டாம் சேர்" என்றேன்.

"ஏன் வேண்டாம்? நல்லதுக்குச் சொல்லுற பொய் பொய்யில்லை."

"அந்தப் பொய்யைத் தேப்பன் முதலே சொல்லி முடிச்சிட்டார் சேர். ராணியின்ரை கயிறு அறுந்திருக்குமோ எண்டு நேற்று அவளைக் கேட்டுப் பாத்தன். 'அறாது மிஸ், அது புதுக் கயிறு. முடிச்சும் என்ரை முடிச்சு' எண்டாள். நாங்களும் பொய் சொன்னால் அவள் பிறகு ஆரை நம்பிறது?"

"உம்மடை உண்மை அவளுக்குத் தண்ணி பருக்குமோ?" என்று சத்தம் போட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை செத்துப்போனால் உம்மடை உண்மையைப் பெட்டிக்குள்ள வைச்சு அனுப்புறதோ?"

அவரைப் பற்றி இவ்வளவு நேரமும் நையாண்டியாகச் சொன்னேன். ஆனால் அன்று அவருடைய பயம் நியாயமான பயம். எனக்கும் அதே பயம் இருந்தது. தென்மராட்சி முகாம்களுக்கு ஆள் வழியாகப் போன கசற் பதில்களோடு மறுநாள் வந்துவிடும், அதுவரை பொறுங்கள் என்று மட்டும் கேட்டேன். அதற்குள் ஏதாவது நடந்திருந்தால் இந்த நாலு வார்த்தையை உங்களுக்குச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். வேறு வேலைக்குப் போயிருப்பேன். மறுநாள் பின்னேரம் வரை பொறுக்கிறேன் என்றார்.

கசற் வந்தது. முதலில் நானே உழக்கிக் கேட்டேன். வழக்கம்போல நாலைந்து ராணிகள். எல்லாம் முடிந்த பிறகு, நாடாவின் கடைசியில், ஒரு பெடியனின் குரல். பாடவில்லை, கதைத்தான்.

"எனக்குப் பாட்டுக் கட்ட வராது. நாங்கள் உங்கடை ஊருக்கு அங்கால். உங்கடை ஊருக்குள்ளாலதான் வந்தனாங்கள். கட்டிக் கிடக்கிறதுகளை அவிட்டுவிட்டுக்கொண்டு வா எண்டு அப்பா சொன்னவர். நான் கன ஆடு அவிட்டனான். ஒண்டின்ரை பேரும் தெரியாது. ராணி இருந்ததோ தெரியாது. ஒரு முடிச்சு மட்டும் அவிழேல்லை. பல்லாலயும் கடிச்சுப் பாத்தன். பிறகு அப்பா கத்தியால அறுத்துவிட்டவர். எல்லாம் கிணத்தடிப் பக்கம்தான் ஓடினதுகள். அவ்வளவுதான் தெரியும்."

சில்லு தானாகச் சுற்றி நிற்கும்வரை நான் சீற்றில் அப்படியே இருந்தேன். முடிச்சைப் பற்றிய பேச்சு பாட்டில் இல்லை, அவன் அதைக் கேட்டுச் சொல்லியிருக்க முடியாது. அதே சமயம், வலிகாமத்தில் அவிழாத முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இதைக் கேட்டு அவள் இன்னும் உடைந்துபோகவும் கூடும். வெட்டி எடுத்துவிடலாமா என்றும் ஒரு நினைவு வந்தது. ஆனால் அது அவளுக்கு வந்த பதில். அதைப் பிடித்து வைக்க நான் யார்? கூப்பிட்டேன்.

உழக்க அவளுக்குத் தெம்பில்லை. நான் உழக்கினேன். இழுபட்டால் குரல் மாறிவிடுமே என்று உயிரைக் கொடுத்து ஒரே சீராக உழக்கினேன். அவள் சைக்கிள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"இன்னொருக்காப் போடுங்கோ."

போட்டேன். 'பல்லாலயும் கடிச்சுப் பாத்தன்' என்ற இடத்தில் அவள் உதடு அசைந்தது.

"அது என்ரை முடிச்சு" என்றாள்.

ஆயிரம் பேரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. 'ஓம்' என்றும் சொல்லவில்லை. அவள் முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போனாள். அங்கே அள்ளிக்கொண்டு நின்ற யாரோ ஒரு பெண்ணிடம் கையை ஏந்தினாள். வாளியிலிருந்து ஊற்றக் குனிந்து குடித்தாள். நிமிர்ந்து மூச்சு வாங்கி, மறுபடி குடித்தாள். நான் சைக்கிளில் இருந்தபடி, உழக்குவதை நிறுத்த மறந்து, அழுதேன்.

பொறுப்பாளர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். தானியற்றிய பாட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு முழுப் பிஸ்கற் பக்கற்றை எடுத்து, "இதைத் தென்மராட்சிப் பெடியனுக்குக் குடும்" என்றார். அந்தப் பதிலில் விடியும் என்ற சொல் எங்கேயும் இல்லை என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அவர், நம்பிக்கையூட்டும் இசையால் ஒரு சிறுமி குணமடைந்தாள் என்று எழுதினார். மேலிடத்துக்கும் அதுதான் தேவைப்பட்டது.

ஆட்டுக்காரியின் குடும்பம் பிறகு வேறிடம் போயிற்று. அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. இந்த வேலையில் முடிவு தெரிவது அபூர்வம், பழகிக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றைந்தில் ஒரு பின்னேரம், வலிகாமம் முழுவதையும் உடனே வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருத் தெருவாகப் போனது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. சைக்கிளில் ஏற்றக்கூடியதை ஏற்றினேன். ரேப் ரெக்கோடரை ஏற்றவில்லை, கசற்றுகளையும் ஏற்றவில்லை. உடுப்பும் அரிசியும்தான் ஏறின. இத்தனை வருடத்துப் பிள்ளைகளின் பாட்டையெல்லாம் ஓர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை மட்டும் கவனமாக எடுத்துக்கொண்டேன். அலுமாரியும் திரும்பக் கிடைக்கவில்லை, வீடும் கிடைக்கவில்லை. திறப்பு இன்னும் இருக்கிறது.

எங்கள் ஒழுங்கை முடக்கில் ஒரு சிறுமி வேலிக்குள் பூந்து, பூட்டிக் கிடந்த யாரோ வீட்டு முற்றத்தில் ஆடொன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயதுதான் இருக்கும். தாய் தெருவில் நின்று கத்தினாள். சிறுமி கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். எட்டாது எட்டாது ராணி, எட்டி எட்டிப் பாராதை.

நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். "பிள்ளை, உது ஆற்றை பாட்டு?"

"ஆற்றையுமில்லை அன்ரி" என்றாள் அவள், நிமிராமலே. "ஆடு அவிட்டு விடேக்கை பாடுறது."

முடிச்சு அவிழ்ந்தது. ஆடு கிணற்றடிப் பக்கம் ஓடியது. அவள் அடுத்த வீட்டு வேலிக்குள் நுழைந்தாள். நான் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, பூட்டியபடி விட்டுவந்த எங்கள் கோழிக்கூட்டைத் திறந்துவிடத் திரும்பி ஓடினேன்.